வளையல் துண்டு மயில்

எங்கள் கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் வந்த புதிது. ஆற்றங்கரையில் பொறுக்கிய வளையல் துண்டு, சிப்பி, தகரம் எல்லாவற்றையும் வேப்பம் பிசினால் பலகையில் ஒட்டி ஒரு மயில் செய்தேன்.

பக்கத்து வீட்டு மதினி அதைப் பார்த்ததும் பதறிப்போனாள். “ஏட்டி, அங்கனதான பத்தாம் நாள் காரியம் செய்யுதாவ! இதெல்லாம் தாலியறுத்தவ வளையல்லா!”

அன்று மாலையே என் கணவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் அவர் கண்ணே திறக்கவில்லை. நான்தான் வினையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று நடுங்கினேன். மயிலை ஆற்றில் போட்டுவிட ஓடினேன்.

படித்துறையில் வெள்ளைச் சேலை கட்டிய, என் வயதுப் பெண்ணொருத்தி குளித்துக் கரையேறினாள். மயிலைக் கண்டு நின்றாள்.

“இந்தப் பொன்பொட்டு வச்ச பச்சை வளையல் என்னுதுதான்” என்று கை நீட்டினாள்.

நான் சட்டென்று பின்வாங்கினேன். அவள் விரல் பட்டாலே என் தாலிக்கு ஆபத்து என்று பயம். அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

“அவிய போன பொறவுதான எவ் வளையல ஒடைச்சாவ? வளையலா அவியளக் கொண்டுபோச்சு? இத ஆத்துல போடாத. வீட்டுக்குப் போயி ஒம் மாப்பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி குடு.”

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிறகு பலமுறை அந்தத் துறைக்குப் போனேன். அவளைப் பார்க்க முடியவில்லை.

மயில் இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது. தன் வளையலை ஒருமுறை தொட்டுப் பார்க்கத்தான் அவள் கை நீட்டினாள். அதற்குக்கூட நான் விடவில்லை.