ஓட்டை போட்ட நாற்காலி

சங்கரன்கோவிலில் முதியோர் விழா நடந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்கு நான் தொண்டு செய்யப் போகவில்லை. சோறு கிடைக்கும் என்று போனேன். திருப்பூரில் வேலையை விட்டு வந்து நாலு நாளாகியிருந்தது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர்தான், "மண்டபத்துல வேலைக்கு ஆள் தேடுதாவ, போனா வயிறாரச் சாப்பிடலாம்" என்றார். போய் நின்றேன். ஒரு மஞ்சள் பனியனும் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் தந்தார்கள். அட்டையில் 'தன்னார்வலர்' என்று இருந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன்.

விழாவை நடத்தியவர் ஜவுளிக்கடை முதலாளி. படித்த பிள்ளைகளை வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் செருப்பைப் பார்த்தார். "நீ பின்னாடி கக்கூஸப் பாத்துக்க. மேடைப் பக்கம் வந்துராத" என்றார். அப்போதே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

பின்பக்கம் வரிசையாக மூன்று கக்கூஸ். மூன்றும் குத்தவைத்து உட்காருகிற மாதிரி. தரை எப்போதும் ஈரம். வந்திருப்பவர்கள் எல்லாரும் எழுபது, எண்பதைத் தாண்டியவர்கள். வாழைமரம் கட்ட யோசித்தவர்கள், போட்டோ எடுக்க ஆள் வைத்தவர்கள், இதை யோசிக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கிழவர்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் கொடுக்கப் போன பிள்ளைகள், "யாருக்கும் தாகமே இல்ல" என்று நிறைந்த குடத்தோடு திரும்பி வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கேரளாவில் ஒரு வருஷம், கால் விழுந்துபோன ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, கழுவிவிடும் வேலையில் இருந்தவன் நான். தாகம் இல்லாததால் யாரும் தண்ணீரை வேண்டாம் என்பதில்லை, கக்கூஸுக்குப் பயந்துதான் வேண்டாம் என்பார்கள்.

அப்போதுதான் ஒரு லாரி டிரைவர் வந்தார். ஓட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார், முழங்காலில் கம்பி வைத்த கால். கூட்டத்திலேயே மூத்தவர் என்பதால் முதல் பொன்னாடை அவருக்கு. ஒரு கையில் கம்பை ஊன்றி, மறு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றார். கை கொடுக்கப் போனேன்.

"என்னத் தொடாத. குத்தவச்சா நான் எந்திரிக்க மாட்டேன். நேத்து ராத்திரியில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல, அப்படியும் வயித்தக் கலக்குது. இன்னும் செத்த நேரத்துல மேடைக்குக் கூப்பிடுவானுவ. அங்கன வச்சு வேட்டியோட போயிட்டுன்னா, வீட்டுல மருமகன் மூஞ்சில எப்படிலே முழிப்பேன்?"

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஏலே, விருந்தாளி வார நேரத்துல கக்கூஸ் கதையா பேசுத? வீட்டுலயே போயிட்டு வாங்கன்னு நோட்டீஸ்லயா அடிக்க முடியும்? பொன்னாடைய வாங்கிட்டுப் போகச் சொல்லு."

நான் மண்டபத்துக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனேன். விறகு கிண்டும் கம்பியை அடுப்பில் பழுக்கவைத்து, உட்காரும் இடத்தில் வட்டமாகத் துளை போட்டு, நடுவை உடைத்து எடுத்தேன். அந்தக் கேரளத்து வீட்டில் இதே போல ஒன்று இருந்தது. "சாம்பார் பூரா பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கப் போவுது, வெளிய போலே!" என்று சமையல்காரர் கரண்டியை ஓங்கினார். கக்கூஸ் பீங்கானுக்கு நேர் மேலே நாற்காலியைப் போட்டேன். டிரைவர் அதை அசைத்துப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சமையல்காரர் சொல்லிவிட்டார் போல. நாற்காலியை வாடகைக்கு விட்ட கடைக்காரர் கத்திக்கொண்டே வந்தார், பின்னாலேயே முதலாளி. அதே நேரம் மைக்கில் டிரைவரைக் கூப்பிட்டார்கள். முதலாளி கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, மேடைல ஒங்களத்தான் கூப்பிடுதாவ!"

"கூப்பிடட்டும். வாரேன்."

"யோவ், அது என் நாற்காலி!" என்றார் கடைக்காரர்.

"ஒன் நாற்காலிதான்வே, யாரு இல்லைன்னா? கதவத் தொறக்கட்டா? இப்பவே தூக்கிட்டுப் போறியா?"

பன்னீர்ப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி என் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்தார், கயிறு அறுந்து கழுத்தில் எரிந்தது. "சோத்துல கை வைக்காம வெளிய போயிரணும்" என்றார்.

டிரைவர் வெளியே வந்தார். கையைக் கழுவினார், வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கறை இல்லை. என் பக்கம் திரும்பி, "விளிம்பத் தேய்க்கத் தெரியாதா ஒனக்கு? தொடைய அறுத்துட்டு" என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றி மேடைக்குப் போனார்.

அவர் விலகியதும்தான் பின்னால் நின்றவர்களை முதலாளி பார்த்தார். முதலில் மூன்று பேர். பிறகு சுவரோரமாக வரிசை நீண்டது. ஒரு ஆள் வந்து போனால் அடுத்த ஆளுக்கு முன் கழுவியாக வேண்டும். முதலாளி மஞ்சள் பனியன்களைப் பார்த்தார். மஞ்சள் பனியன்கள் பன்னீர்ச் செம்பைப் பார்த்தன. கடைக்காரர், "இனி இத நான் எங்க கொண்டு வைக்க? நீரே வச்சுக்கிடும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அட்டையை என்னிடம் நீட்டினார். "கழுவு."

"கழுவுதேன் அண்ணாச்சி. மொதப் பந்தியில எனக்கு எல போடணும்."

தொண்டு செய்பவர்களுக்குக் கடைசிப் பந்தி என்பது அவர் வைத்த சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். நான் செங்கல் துண்டால் விளிம்பைத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். இலை போடும் சத்தம் கேட்டதும் வாளியைக் கொண்டுபோய் முதலாளி கையில் கொடுத்தேன். வரிசையில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள்.

பந்தியில் டிரைவருக்குப் பக்கத்து இலைதான் எனக்குக் கிடைத்தது. தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது. சோற்றைத் தொடாமல் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏலே, நாற்காலி அங்கனதான கெடக்கு? எடுத்துரலயே?"

"கெடக்கு."

ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றுகிற பையனிடம் டம்ளரை நீட்டினார். அதையும் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார்.