சீனித்தாய்க்குப் புத்தகம் பிடித்தவன்

பிச்சையாவுக்குத் தன் உடம்பின் மேலேயே ஒரு கோபம் உண்டு. வயசு நாற்பதைத் தொட்டும் ஆறாத கோபம். அந்த உடம்பு கொஞ்சம் நோஞ்சானாக இருந்திருந்தால் அவனும் பள்ளிக்கூடத்தில் நீடித்திருப்பான். நாலாம் வகுப்பிலேயே தோள் திரண்டுவிட்டது. அய்யா மந்திரமூர்த்தி ஒருநாள் வாத்தியார் முன்னாலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மழை பெய்திருந்தது, கரிசல் இறுகுவதற்குள் உழுதாக வேண்டும்.

தங்கச்சி சீனித்தாய் பிறவியிலேயே சோனி. களை வெட்டப் போனால் ஒரு நிரை முடிப்பதற்குள் அவளுக்கு இரைக்கும். "இதுக்கு வெயில் ஆகாது. நெழல்ல ஒக்காந்து படிக்கட்டும்" என்றார் அய்யா. ஆக, தெம்புள்ளவனுக்கு ஏர், தெம்பில்லாதவளுக்குப் புத்தகம். எந்த ஊர் நியாயம் இது? இன்றைக்கு விளாத்திகுளம் பக்கம் சீனித்தாய் நர்ஸம்மா என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். அவள் நர்ஸம்மா ஆன கதையில் பிச்சையாவுக்கும் பங்கு உண்டு. அதை ஒருத்தரும் கேட்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில் மழை பொய்த்தது. போட்ட பருத்தி விதைச் செலவுக்கே காணவில்லை. அண்ணனும் தங்கச்சியும் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். சீனித்தாய் மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவாள். அடுக்கி வந்த சட்டங்களைப் பிச்சையா மருந்தில் முக்கிக் காயவைப்பான். அவள் பத்தாவது பாஸ். குச்சி அடுக்கினாலும் நர்ஸ் படிப்பின் மேல்தான் கண். தெரிந்த நர்ஸ் ஒருத்தி முதல் வருஷப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து, "இன்டர்வியூல இதுல இருந்துதான் கேப்பாங்க. இப்பவே படிச்சு வையி" என்று சொல்லியிருந்தாள்.

விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை கை குச்சியில். வீட்டுக்குப் போனால் அடுப்பு. எப்போது படிக்க? அவளே ஒரு வழி கண்டாள்.

"எண்ணே, முக்கினது காயிறவரைக்கும் நீ சும்மாதான இருக்க. புஸ்தகத்தப் புடிச்சுக் கேள்வி கேளு. எங் கை அடுக்கும், வாய் சொல்லும்."

கேட்டான். நாலாம் வகுப்புப் படிப்பு, எழுத்தெழுத்தாகத்தான் வரும். பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த வெயிலம்மாள் விடுவாளா?

"என்ன அண்ணாச்சி, எருமைய ஓட்டுத மாதிரி எழுத்த ஓட்டுதீங்க! தங்கச்சி கெழவியாகுததுக்குள்ள அந்தப் பக்கம் முடியுமா?"

"ஒன் சோலியப் பாரு தாயீ."

"கோவிச்சுக்கிடாதீங்க. அண்ணனுக்கும் மருந்து வேல, தங்கச்சிக்கும் மருந்து வேல. ஆனா நர்ஸம்மா மருந்து ஆத்தும், ஒங்க மருந்து பத்தும்!"

ஆபீசே சிரித்தது. சீனித்தாயும் சிரித்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்காதது இன்னும் இருந்தது. கோழி ஒரு முட்டை இட்டால் அம்மா அதை அவளுக்கு எடுத்து வைத்தாள். "படிக்கிற புள்ளல்லா!" ஆபீஸ் கணக்குப்பிள்ளை அவளை வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்காரவைத்தார். மருந்து வாடையில் இருமிக்கொண்டு நின்றவனை யார் பார்த்தார்கள்?

எல்லாவற்றையும் விடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று. கேட்டுக் கேட்டே பாடம் முழுக்க அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் தடுமாறுகிற இடத்தில் இவனுக்கு நாக்கு நுனியில் நிற்கும். அதிலும் அந்த ரத்த ஓட்டப் பாடம்! உடம்பைச் சுற்றிய ரத்தம் இருதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி, இடப்பக்கம் திரும்பி வந்து மறுபடி உடம்புக்குப் போகும். சீனித்தாய்க்கு இடமும் வலமும் மாறிப் போகும். ஏர் பூட்டினவனுக்கு மாறுமா? வலத்து மாட்டை இடத்தில் பூட்டினால் உழவுச் சாலே கோணிவிடுமே. 'இவளுக்கு வராத படிப்பு எனக்கு வருது. என்னையத்தான் மாட்டுக்குப் பின்னால விட்டாங்க' என்று உள்ளுக்குள் புகைவான்.

ஒருநாள் அவள், "ஒடம்புல இருந்து வார ரத்தம் எடப்பக்கம் நுழையும். சரியாண்ணே?" என்றாள்.

புத்தகம் அவன் கையில் விரிந்தபடி இருந்தது.

"சரிதான்" என்றான் பிச்சையா.

அன்றிலிருந்து அவள் அதையே உருப்போட்டாள். குச்சி அடுக்கும்போதும் அதுதான், சோறு பொங்கும்போதும் அதுதான். அவன் திருத்தவில்லை.

திருநெல்வேலியில் இன்டர்வியூ. துணைக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். வராண்டாவில் பெஞ்சு போட்டிருந்தது. உள்ளே போய்விட்டு வந்த பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ரத்த ஓட்டந்தான் கேக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீனித்தாய் வாய்க்குள் முனகினாள். "எடப்பக்கம் நுழைஞ்சு..."

பிச்சையா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சாயங்காலம் பஸ் ஏறினால், நாளைக்கு அவள் குச்சி, இவன் மருந்து. முட்டையைப் பங்கு வைத்துத் தின்னலாம்.

இன்னும் ஒருத்தி உள்ளே போனால் அடுத்தது இவள். சீனித்தாய் அவன் பக்கம் திரும்பினாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. நர்ஸம்மா ஆன பிறகு அவள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை. கடைசியாகக் கேட்டது அந்தப் பெஞ்சில் வைத்துத்தான்.

"எண்ணே, எனக்கு எல்லாம் கலங்குது. என்னைய விட ஒனக்குத்தான் இது நல்லாத் தெரியும், நானுந்தான பாக்கேன். எடம் வலம் மாறாம நீ ஒரு தடவ சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன்."