எழுப்ப ஓர் ஆள்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கொன்றும் நட்டமில்லை. நாமக்கல்லில் முட்டை வியாபாரம் செய்யும் குருமூர்த்தியைக் கேட்டால் அவரே சொல்வார். ஆனால் பகலில்தான் சொல்வார்.

அப்போது குருமூர்த்திக்கு நாற்பத்து நான்கு வயது. நூற்று நாற்பத்தெட்டு கிலோ. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் காபியைக் கொடுத்து, ஆளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் போன பிறகு தனிக்கட்டை. குடோனில் நாள் முழுக்க லாரிச் சத்தம், ஆள் சத்தம். வீட்டுக்கு வந்தால் ஃபேன் சுற்றுவது மட்டும்தான். டி.வி.யைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். பின்னால் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும் அவருக்கு.

நாலு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உடம்பைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ள முடிவெடுத்தார். முதலில் போன மருத்துவமனையில் ஆபத்து அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது, சேலத்தில். அங்கே மயக்க மருந்து டாக்டர் சுகன்யா ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தார். சுகர், பிரஷர், கழுத்துச் சுற்றளவு எல்லாம் முடிந்தது. கடைசியாக ஒரு கேள்வி.

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்லீங்க."

"வீட்ல கூட யார் படுப்பாங்க?"

"யாருமில்லீங்க. நான் ஒருத்தன்தானுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்துல ஆள் இல்லாதவங்க எல்லாருமே இல்லைன்னுதான் சொல்றாங்க. அதை நம்பி மயக்க மருந்து கொடுத்தா, ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கறப்ப மூச்சு நின்னுடும். முன்னாடியே தெரிஞ்சா அதுக்கு மிஷின் இருக்கு. தெரியாமப் போனாத்தான் உயிர் போகும்."

ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார்கள். மார்பில் கட்ட ஒரு பெல்ட். விரலில் மாட்ட ஒரு கிளிப். குறட்டையைப் பதிவு செய்ய ஒரு மைக். வீட்டில் ஒரு ராத்திரி இதை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீட்டை அவர் மூன்று வருடம் முன்பு வாங்கியிருந்தார். முன்னால் அங்கே குடியிருந்து இறந்துபோன பெரியசாமி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். லாரிக்குப் போடும் இரும்பு ஆங்கிளிலேயே ஒரு கட்டில் அடித்து வைத்திருந்தார். கடையில் வாங்கும் கட்டில் எதுவும் குருமூர்த்தியைத் தாங்கியதில்லை. அதனால் அதையும் சேர்த்தே விலை பேசிவிட்டார்.

அன்றிரவு வாசல் கதவை உள்ளே தாழ் போட்டார். பெல்ட்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டார். இடது கை விரலில் கிளிப். விளக்கை அணைத்துப் படுத்தார். தன் மூச்சைக் கேட்க ஒரு மிஷினாவது வந்ததே என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

காலையில் எழுந்தபோது பெல்ட் இறுக்கமாக இருந்தது. கிளிப் வலது கையில் இருந்தது.

தூக்கத்தில் தானே மாற்றியிருப்போம் என்று விட்டுவிட்டார். விலாவில் வலி. அது தினமும் இருப்பதுதான், முட்டை அட்டைகளைத் தூக்குவதால் என்று நினைத்திருந்தார். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தார். நாலு விரல் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. சின்ன விரல்கள்.

மறுநாள் மதியம். டாக்டர் அறை. வெளியே நல்ல வெயில்.

"மூச்சு நிக்குது. நிறையத் தடவை," என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து. "ஆனா பயப்படாதீங்க. தனியா இருக்கறேன்னு ஏன் சொன்னீங்க? நல்லாத்தானே பார்த்துக்கறாங்க."

"யாருங்க?"

"கேளுங்க."

ஒலியைக் கூட்டினார். திரையில் நேரம் 1.12.

குறட்டை. கர்ர்... கர்ர்... அவருடையதுதான்.

சட்டென்று நின்றது.

ஒன்றுமில்லை... ஃபேன் சத்தம் மட்டும்...

பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

தொப்... தொப்...

"ஏனுங்க..."

ஒரு பெண்ணின் குரல்.

"ஏனுங்க... மூச்சு உடுங்க..."

ஹக் என்று ஒரு பெருமூச்சு. மறுபடியும் குறட்டை.

குருமூர்த்தி காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். குடோனுக்கு வருகிறவர்களும் அவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் இது அப்படியில்லை. கட்டிய பெண்டாட்டி மட்டும் கூப்பிடுகிற மாதிரி. அந்த மாதிரி அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

2.40. மறுபடி அதே குரல். 3.25. மறுபடி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக. கொஞ்சம் சோர்ந்து.

4.51.

மூச்சு நின்றது.

தட்டவில்லை.

யாரும் கூப்பிடவில்லை...

டாக்டரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நெடுநேரம் கழித்து, மைக்கின் மேலேயே வாயை வைத்துப் பேசுவதுபோல...

"ஏனுங்க... எனக்குத் தூக்கம் தாங்கலீங்க..."

தொப்.

பெருமூச்சு.

"பாவம், அவங்களுக்கும் உடம்பு கெட்டுடும்," என்றார் டாக்டர். "யார் இவங்க?"

"சொந்தக்காரங்க," என்றார் குருமூர்த்தி. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

அன்றே மாஸ்க் வைத்த மூச்சு மிஷினைக் கொடுத்து, ஆபரேஷன் வரைக்கும் தினமும் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். குருமூர்த்தி நாமக்கல் திரும்பியதும் வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு அங்கம்மாளிடம் போய் நின்றார். பெரியசாமி எப்படி இறந்தார் என்று கேட்டார்.

"உன்னையாட்டமே பெருத்த ஒடம்பு சாமி அவருக்கு," என்றார் அங்கம்மாள். "தூங்கறப்ப மூச்சு நின்னு போயிருமாம். அவரு சம்சாரம் மயிலம்மா ராத்திரி பூராவும் முழிச்சுக் கெடந்து, வெலாவுல தட்டித் தட்டி எழுப்புவா. வருசக்கணக்கா அதேதான் பொழப்பு. ஒரே ஒரு நா அசந்து தூங்கிப்போட்டா. விடிஞ்சு பாத்தா, அவரு போயிட்டாரு."

"அந்தம்மா?"

"அதுக்கப்பறம் அவ படுக்கவே இல்ல. கட்டலு ஓரத்துல காலைக் கட்டிக்கிட்டு குக்கி உக்காந்துக்குவா. படுத்துத் தூங்கு புள்ளைன்னா, தூங்குனா அவரு செத்துப்போவாரும்பா. ஒரே மாசம். உக்காந்தாப்பலயே போயிட்டா."

மூன்று வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் தான் உயிரோடு விடிந்தது எப்படி என்று குருமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. இன்னொன்றும் புரிந்தது. அந்தக் கை சோர்ந்துகொண்டு வருகிறது.

அவர் அந்த வீட்டில் மறுபடியும் தூங்கவில்லை. குடோன் ஆபீஸிலேயே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். கேட்பவர்களிடம் வேலை அதிகம் என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூச்சு விஷயம் முன்கூட்டியே தெரிந்ததால்தான் பிழைத்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். தெரியாமல் இருந்திருந்தால் ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரியே கதை முடிந்திருக்கும். வீட்டைக் கட்டிலோடு சேர்த்து விற்றார். சேலத்தில், சூரமங்கலத்தில், ஒரு ரூமும் சமையலறையும் உள்ள போர்ஷனுக்கு வாடகைக்குப் போனார். நாமக்கல்லுக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்தார். பெட்டி படுக்கையைக்கூட புதிதாக வாங்கினார். பழைய வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

பத்து மாதத்தில் அறுபது கிலோ குறைந்தது. மாஸ்க்கை நிறுத்தலாமா என்று பார்க்க, டாக்டர் மறுபடியும் அந்தச் சின்னப் பெட்டியைக் கொடுத்தார். மாஸ்க் இல்லாமல் ஒரு ராத்திரி. பெல்ட், கிளிப், மைக்.

காலையில் பெல்ட் கட்டியபடியே இருந்தது. கிளிப் இடது கையிலேயே இருந்தது. விலாவில் வலி இல்லை. குருமூர்த்தி அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார்.

"ஒரு தடவைகூட மூச்சு நிக்கலை," என்றார் டாக்டர் சுகன்யா. முகமெல்லாம் சிரிப்பு. "இனி மிஷின் வேண்டாம். இதுல சந்தோஷப்பட வேண்டியவங்க அவங்கதான்."

"எவங்க?"

"கேளுங்களேன்."

ஒலியைக் கூட்டினார்.

அவருடைய மூச்சு. சீராக. குறட்டையே இல்லை.

அதற்குப் பின்னால்...

இன்னொன்று.

மெல்லிசாக. நீளமாக. பல வருடத் தூக்கத்தை ஒரே ராத்திரியில் தூங்குகிற மாதிரி...

கர்ர்... கர்ர்...

"பாவம், எத்தனை நாள் தூங்காம இருந்தாங்களோ," என்றார் டாக்டர். "அடுத்து அவங்க குறட்டையையும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், என்ன?"

குருமூர்த்தி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். சூரமங்கலம் பஸ் ஏறி, ரூமைத் திறந்து, கட்டிலைப் பார்த்தபடி நெடுநேரம் வாசலிலேயே நின்றார். அவர் புதிதாக வாங்கியது ஒருவர் மட்டும் படுக்கிற ஒற்றைக் கட்டில்.

வேறு போக்கிடம் இல்லை. அன்றிரவு படுக்கும்போது டி.வி.யை நிறுத்தினார். சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்தார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.