ஆயில் மாற்றிய பிறகு வரும் போன்

ஆயில் கடையில் வேலை என்றால் ஆயில் விற்பதுதான் வேலை என்று நினைப்பீர்கள். எனக்கு வேலை ஆரம்பிப்பதே விற்ற பிறகுதான்.

நான் ஸ்டெல்லா. டிப்ளமோவில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, கடலூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் இருக்கிறேன். சிதம்பரத்தில் எங்களுக்கு இன்னொரு கடையும் உண்டு. கேன் வாங்கிக்கொண்டு போய் வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் மாட்டிக்கொண்டால், நான் போனில் வழி சொல்ல வேண்டும். போனில் தீராவிட்டால் நேரில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கைலியை மடித்துக் கட்டி, கிழிந்த பனியனைத் துடைக்கிற துணியாக்கி, வண்டிக்கடியில் படுத்து எழுந்த சொந்தங்களே, இது உங்கள் கதைதான். பழைய ஆயிலை இறக்குவதிலும் புதியதை ஊற்றுவதிலும் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. கீழ் கோடு, மேல் கோடு என்று இரண்டு கோடு போட்ட, அளவு பார்க்கிற அந்தக் கம்பியை வெளியே இழுத்த பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

மாப்பிள்ளை வண்டியில் புகை

செந்திலுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி. மாமியார் வீட்டு விருந்துக்குப் பெண்டாட்டியை பைக்கில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டி பளபளவென்று இருக்கட்டும் என்று காலையிலேயே தன் கையால் ஆயில் மாற்றியிருக்கிறார். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தபடியே மாற்றியதால் பழைய ஆயில் முழுதாக இறங்கவில்லை. அதே சாய்வில் கம்பியை விட்டுப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், காட்டியது. கேனைக் கவிழ்த்துவிட்டார். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து வந்த வெள்ளைப் புகையில் எதிர்வீடு மறைந்துபோனது.

நான் போனபோது புதுப்பெண் பட்டுப்புடவையோடு வாசலில் நின்றிருந்தாள். செந்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி, அடியில் இருக்கிற போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை இறக்கினோம். ஆயில் ஏறி நனைந்திருந்த ஏர் ஃபில்டரை மாற்றினேன். கம்பியைத் துடைத்து, அதன் மூடியைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுக்கச் சொன்னேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது உள்ளே தங்கியிருந்த புகை சிறிது நேரம் வந்து, மெலிந்து, நின்றேவிட்டது. பெண் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். செந்தில் மட்டும் என்னிடம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "பொண்டாட்டி முன்னால பொகை விடக் கூடாதுன்னு சிகரெட்டையே விட்டவன்க்கா நான்."

குடித்தது யார்?

காடாம்புலியூர் தனசேகர் முந்திரி வியாபாரி. சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். ஒரு நாள் கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது வந்து, எங்கள் ஆயில் கலப்படம் என்றார். சத்தம் போடவில்லை, நிதானமாகச் சொன்னார், அதனால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. ஃபில்டரையும் மாற்றி, மேல் கோடு வரை ஊற்றி, கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு தடவை ஸ்டார்ட் செய்து நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு இறங்கியிருக்கிறது. அடியில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. நல்ல ஆயில் என்றால் எங்கே போகும் என்பது அவர் கேள்வி. கேன் கையில் வைத்திருந்த இரண்டு பேர் அதை மெல்ல மேஜைமேல் திருப்பி வைத்தார்கள்.

கவுன்ட்டரில் இருக்கிற ஜாபர் என்னைப் பார்த்தான். நான் அதே வண்டிக்கான புது ஃபில்டர் ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்து, அவர் கையிலேயே ஆயிலைக் கொடுத்து அதில் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். உள்ளே இருக்கிற காகித மடிப்பு உறிஞ்சிக்கொண்டது. இன்னும் ஊற்றினார், அதுவும் உள்ளே போனது. கூட்டம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. புது ஃபில்டர் காலியாகத்தான் வண்டியில் ஏறும், முதல் ஸ்டார்ட்டில் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும், அதனால்தான் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே வடிகிற வரை பொறுத்து, மறுபடி பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டும் என்றேன். வாசலில் நின்ற அவர் வண்டியிலேயே அதைச் செய்து காட்டினோம். மேல் கோட்டுக்கு வந்தது. அதன்பிறகு எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் இறங்கவில்லை. மேஜைக்குத் திரும்பிய கேன்கள் மறுபடி கைக்குப் போயின. தனசேகர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எங்களுக்காகத் தீர்ப்பே சொன்னார்: "திருடன் கடையில இல்லப்பா, என் வண்டிக்குள்ளதான் இருந்திருக்கான்."

கண்ணுக்குத் தெரியாத ஆயில்

சிதம்பரத்துச் சமையல்காரர் நடராஜனுக்குப் பந்தி தாமதமானால் உயிரே போய்விடும். அன்று காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். சாம்பார், பாயசம் எல்லாம் அண்டா அண்டாவாக வேனில் ஏறிவிட்டது. முந்தின நாள்தான் அவரே ஆயில் மாற்றியிருந்தார். கிளம்புமுன் ஒரு பார்வை பார்ப்போம் என்று கம்பியை இழுத்தால், ஒன்றுமே இல்லை. புது ஆயில் தேன் மாதிரித் தெளிவாக இருக்கும். வெயிலில் பளபளக்கிற கம்பியில் எது ஆயில், எது இரும்பு என்று தெரியாது. என்ஜின் காலி, ஓட்டினால் ஜாம் ஆகிவிடும் என்று சாவியை மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அன்று சிதம்பரம் கடையில் இருந்ததால் உடனே போக முடிந்தது. நிழலில் வைத்துப் பார்த்தேன். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. கம்பியில் ஏதாவது வெள்ளைப் பொடி தூவினால் ஆயில் பட்ட இடம் நனைந்து நிறம் மாறும். மாவு கேட்கலாம் என்று திரும்பினால், அவர் நெற்றியில் மூன்று பட்டை. திருநீறு இருக்கிறதா என்று கேட்டேன். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு சிட்டிகை தூவியதும், மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை நனைந்து கறுத்தது, அதற்கு மேலே வெள்ளையாகவே இருந்தது. அவரிடமும் காட்டிவிட்டு, துளிப் பொடி இல்லாமல் கம்பியைத் துடைத்து உள்ளே செருகினேன். வேன் கிளம்பியது, முதல் பந்திக்கே பாயசம் போய்ச் சேர்ந்ததாகச் சாயங்காலம் போன் வந்தது. ஆனால் கிளம்பும்போது அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "எனக்குத்தான் காட்சி குடுக்கலன்னு நெனச்சேன், என் என்ஜினுக்குக் குடுத்துட்டாரும்மா சாமி."

சேற்றில் சாய்ந்த படகு

பரங்கிப்பேட்டை இஸ்மாயில், எங்கள் ஜாபரின் ராத்தா, அதாவது அக்காளின் கணவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மறுநாள் விடியலில் முதல் முறையாகக் கடலுக்குப் போக வேண்டிய படகு. அதன் டீசல் என்ஜினுக்கு அவரே ஆயில் மாற்றிவிட்டு, கம்பியில் ஒட்டவே இல்லை என்று போன் செய்தார். அடுத்த கேனை உடைத்து ஊற்றப் போவதாகச் சொன்னார். ஊற்ற வேண்டாம், வருகிறோம் என்று ஜாபரும் நானும் ஓடினோம்.

படகு கட்டியிருந்த ஆற்றில் கடல் தண்ணீர் உள்வாங்கி வற்றியிருந்தது. படகு சேற்றில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. என்ஜினும் அதோடு சாய்ந்திருந்ததால் ஆயில் எல்லாம் கம்பி எட்டாத மூலைக்குப் போயிருக்கும். தண்ணீர் ஏறிப் படகு நிமிர்ந்த பிறகு பார்க்கலாம் என்றேன். இஸ்மாயிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட வருகிற ஆட்கள் வலையை ஏற்றிவிட்டு நின்றார்கள். கையில் கேனோடு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டினேன். கடைசியில் கேனை மணலில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். தண்ணீர் மெதுவாக உள்ளே வந்தது. படகு ஒரு முனகலோடு சேற்றைவிட்டுக் கிளம்பி நேராக நின்றது. ஆட்டம் அடங்கியதும் அவரையே கம்பியை இழுக்கச் சொன்னேன். மேல் கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஆயில் நின்றது. கேன் உடைபடாமலே வீட்டுக்குப் போனது, படகு விடியலில் கடலுக்குப் போனது. மறுநாள் பெரிய வஞ்சிர மீன் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்த ஜாபர் சொன்னான்: "எங்க மச்சான ஒரு எடத்துல உக்கார வச்சுட்டியே ஸ்டெல்லா, இது எங்க ராத்தாவால கூட முடியல."

தானாக ஏறிய ஆயில்

கடலூரில் மழைவெள்ளம் வடிந்த வாரம். முதியோர் இல்லம் ஒன்றின் வேன் ஓட்டுநர் அந்தோணி போன் செய்தார். வெள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் தானே ஆயில் மாற்றி, மேல் கோட்டில் சரியாக நிறுத்தியிருந்தார். இப்போது பார்த்தால் குறையவில்லை, ஜாஸ்தியாகவே இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். ஊற்றாத ஆயில் ஏறினால் உள்ளே போயிருப்பது தண்ணீர்; அதோடு ஸ்டார்ட் செய்தால் என்ஜினே போய்விடும். சாவியைத் திருப்பினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த 'இல்லை'க்காக நான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

அங்கே லூர்துமேரி என்று ஒரு அம்மா. சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்குப் புதுச்சேரி போக வேண்டும். வெள்ளத்தால் ஒரு முறை தவறிவிட்டது. மறுநாளும் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முகமும் காலும் வீங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து நாங்கள் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வெறும் தண்ணீர் கொட்டியது. பிறகு பால் கலந்த காப்பி மாதிரி ஒன்று வந்தது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். நல்லவேளை, ஏர் ஃபில்டர் நனையவில்லை. புது ஆயில் ஊற்றி, சிறிது ஓடவிட்டு, அதையும் இறக்கினோம். இன்னும் கலங்கலாகவே வந்தது. மறுபடி ஊற்றி, மறுபடி இறக்கி, அப்புறம் புது ஃபில்டர் போட்டு நிரப்பினோம். ஓடவிட்டு நிறுத்தினோம். பொறுத்திருந்து கம்பியை இழுத்தார் அந்தோணி. தெளிவான ஆயில், மேல் கோட்டில். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை பார்த்தோம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மறுநாள் வேன் கிளம்புவதைப் பார்க்க நானும் போயிருந்தேன். ஒரே ஸ்டார்ட்டில் என்ஜின் பிடித்துக்கொண்டது. தாங்கிப் பிடித்து முன் சீட்டில் ஏற்றி உட்கார வைத்ததும், லூர்துமேரி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ரத்தம் சுத்தம் பண்றதுக்கு மொதல்ல வண்டிக்குப் பண்ணிட்ட தாயி, ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நாளு ஓடுவோம்."

இத்தனை வாசல் ஏறி இறங்கியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க ஆயில் எப்போதும் தயார், கேனைப் பிடித்த கைதான் நிற்க மாட்டேன் என்கிறது.