மிளகுச் சாக்கில் வந்த பவர் சப்ளை

எங்கள் வீட்டுக் கம்பியூட்டரில் எந்தப் பாட்டைப் போட்டாலும் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ கேட்கும். ஸ்பீக்கருக்குள் வண்டு புகுந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை கழற்றிப் பார்த்தேன். வண்டு இல்லை. கரண்ட் ஒழுகுகிறதோ என்ற பயம் வந்த பிறகு, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பாட்டுக் கேட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான்.

மாதா கோயில் திருநாளுக்கு முந்திய வாரம் அந்த ‘ம்ம்ம்’ பெரிய விஷயமாகிவிட்டது. ஒன்பது வருசமாகக் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிவந்த என் மனைவிக்கு, அந்த முறை பூசையில் நன்றிப் பாட்டைத் தனியாகப் பாடக் கிடைத்திருந்தது. ஒத்திகையைப் பதிந்து தரச் சொன்னாள். இரவல் வாங்கிய சின்ன ரெக்கோர்டர், விழுந்து உடைந்தால் யார் பதில் சொல்வது? அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கோயிலில் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தேன். அவள் குரல் மேலே ஏறிய இடங்களிலெல்லாம், எங்கே பிசகிவிடுமோ என்று ரெக்கோர்டரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் பிசகவே இல்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், ‘ம்ம்ம்’.

“ஏங்க, என் கொரல் இப்படியா இருக்கு? கெணத்துக்குள்ள மாடு கத்துற மாதிரி?”

“அது பொட்டியோட சத்தம்மா.”

“சினிமாப் பாட்டுல லேசாத்தானே கேக்குது? நான் பாடுறப்ப மட்டும் இந்தப் போடு போடுது. போதும். ஞாயித்துக்கெழம வேற யாராச்சும் பாடட்டும். நாளைக்கே ஃபாதர்கிட்ட சொல்லிடுறேன்.”

“நாளைக்கு வேணாம், நாளன்னிக்கு சொல்லு” என்று கெஞ்சி ஒரு நாள் வாங்கினேன்.

இரத்தோட்டையில் ஒரு மிளகுக் கடையில் சாக்குத் தைப்பது என் வேலை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு வெற்றுச் சாக்கையும் எடுத்துக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். ரேடியோ, கம்பியூட்டர் எல்லாம் பழுது பார்க்கும் முஸ்லிம் நானா ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“ஸ்பீக்கர்ல குத்தமில்ல தம்பி. ஒங்கட பொட்டிக்குள்ள ஈக்கிற பவர் சப்ளை மட்டமான சாமான். கரண்ட வடிகட்டாம அப்பிடியே தள்ளுது. அதான் பாட்டுல கலந்து வருது.”

நல்லது ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். கை கீழே இறங்கியது. பாரமாக இருந்தால் நல்ல சாமானாம். அது ஓடுமா என்று நான் மூன்றாவது தடவையும் கேட்டதும், பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு துண்டு வயரை எடுத்தார். “தனியா ஓடாது. பச்சையையும் கறுப்பையும் சேத்தாத்தான் ஓடும்.” சேர்த்தார். விசிறி சுற்றியது. அந்தத் துண்டு வயரையும் என்னிடமே தந்து அனுப்பினார்.

யுத்தம் நடந்த காலம். இரும்புப் பெட்டி, அதிலிருந்து குடல் மாதிரித் தொங்கும் கலர் கலர் வயர்கள், கொண்டுபோகிறவன் தமிழன். பெட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ‘சேர், இது கம்பியூட்டர் சாமான், பாட்டுக் கேட்க’ என்பதைச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள்.

“மொகத மே?” என்ன இது என்று கேட்டார் சிப்பாய்.

பழகிய வசனத்தில் ஒரு சொல்தான் வந்தது. “சிந்துவக், சேர்.” ஒரு பாட்டு, சேர்.

அவர் சாக்கைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். நானும் கவனித்தேன். உண்மைதான். ‘ம்ம்ம்’. எங்கேயும் சொருகாத பெட்டி எப்படி இரையும்? அவர் காதைச் சாக்கோடு வைத்து மூச்சை இழுத்தார். அடுத்த நொடி தும்மினார். மூன்றாம் தும்மலில் தொப்பி விழுந்தது. பயத்தில் எனக்கு மூச்சே நின்றது. சத்தமும் நின்றது.

மேலதிகாரிபோல ஒரு பெரியவர் வந்தார். சாவடியில் இருந்த ரேடியோவின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பிளக்கில் சொருகிக் காட்டச் சொன்னார். சொருகினேன். விசிறி சுற்றவில்லை.

“பச்சையையும் கறுப்பையும் சேர்க்கணும், சேர்.”

எல்லோரும் இரண்டு அடி பின்னால் போனார்கள். நானும் போயிருப்பேன், வயர் என் கையில் இருந்தது. மாதாவைக் கூப்பிட்டுச் சேர்த்தேன். விசிறி சுற்றியது. பெட்டிக்குள் இறங்கியிருந்த மிளகுத் தூள் முழுவதும் சாவடிக்குள் பறந்தது. பெரியவர் தும்மினார், சிப்பாய் தும்மினார், வரிசையில் நின்றவர்கள் தும்மினார்கள். கண்ணீர் வழிய, பெரியவர் கையை வீசி என்னைத் துரத்தினார்.

“யன்ன! யன்ன!”

வீட்டில் ரப்பர் செருப்போடு பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். முதலில் ஒரு சினிமாப் பாட்டு. பல் விளக்கின மாதிரி அத்தனை சுத்தம். மனைவியைப் பெருமையாகப் பார்த்துவிட்டு அவள் பாட்டைப் போட்டேன்.

‘ம்ம்ம்’.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பாட்டு முடியும்வரை செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, பாட்டு முடிஞ்சிருச்சு.”

நான் தலையாட்டினேன்.

“சத்தம் இன்னும் கேக்குது.”

ஸ்பீக்கரை அணைத்தாள். அப்போதும் கேட்டது. என் முகத்துக்கு நேரே குனிந்து காதை வைத்தாள்.

“நீங்களா! ரெக்கோர்டர நெஞ்சுல வச்சுக்கிட்டு, நான் பாடுறப்ப பூரா பயத்துல மொனகியிருக்கீங்க! இத்தன வருசமா பக்கத்து வீட்டு ஃப்ரிஜ்ஜுன்னுல நெனச்சுக்கிட்டிருந்தேன்!”

சிரிப்பில் அவளால் நிற்க முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாவடியில் இரைந்தது எது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைச் சொன்னதும் இன்னும் சிரித்தாள். ஃபாதரிடம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்கு வெளியே, மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். ஜன்னல் வழியாக அவள் குரல் தெளிவாக வந்தது. அடியில் எதுவுமே இல்லை. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

“என்னங்க, வாந்தி வருதா?” என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். கையை எடுக்க இன்னும் ஒரு சரணம் இருந்தது.