கத்தரிக்குப் போட்ட கறுப்புத் தூள்

காலை 6.10, திருச்சி. இரண்டு மாதத்துக்கு முன் இதே மதுரைப் பேருந்தில் ஒரு மூட்டை கறுப்புத் தூளை விராலிமலைப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றுக்கு, கழிவுநீரைத் தெளியவைக்கக் கொண்டுபோனேன். என்னவென்று கேட்ட நடத்துநரிடம் "உமிச்சாம்பல்" என்றேன். பாதி உண்மை. உமிச்சாம்பலிலிருந்து பிரித்த சிலிக்காவின் மேல் கரி பூசி, கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்தது. வெறும் வெள்ளைச் சிலிக்கா பருத்திச் சாயத்தைச் சட்டை செய்யவில்லை. கரி பூசியதும் சாயம் அதில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தெளிந்தது. இன்று பலனைப் பார்க்கப் போகிறேன்.

7.25. விராலிமலையிலிருந்து ஷேர் ஆட்டோ. ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். சாயப்பட்டறைக்காரர் முருகேசன் வாசலிலேயே நின்றார்.

"தண்ணியப் பாருங்க சார், எளநி கணக்கா இருக்கு!"

கழிவுக் குழாயில் நிஜமாகவே தெளிந்த தண்ணீர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

8.00. பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரியின் கிணறு. பட்டறைக் கழிவால் சிவந்த இது தெளிந்துவிடும், இனி குடத்தோடு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டாம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவன் நான். எட்டிப் பார்த்தேன். முன்னைவிடச் சிவப்பு.

கிணற்றடியில் கத்தரிச் செடிகள். துவைகல்லின் சோப்புத் தண்ணீர் அவற்றுக்குத்தான் பாய்கிறது. செடிகளின் அடியில், கறுப்பாக, என் தூள்!

"நாந்தான் சார் போட்டேன். சாம்பல் போட்டா கத்தரியில பூச்சி அண்டாதுல்ல? பட்டறையில சும்மாவே குடுத்தாங்க" என்றார் பரமேஸ்வரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயம் எங்கேயும் மறைந்துபோவதில்லை. தூளில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சோப்புத் தண்ணீர் பட்டால் கழன்று, மண் வழியே கிணற்றுக்குள் இறங்கிவிடும். பயன்படுத்திய தூளை வெளியே விடாதீர்கள் என்று முருகேசனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"மனுசனாய்யா நீ?" என்று கூடவே வந்திருந்த முருகேசனைப் பார்த்துக் கத்தினேன்.

"வைக்க எடமில்ல சார். அவங்களாத்தான் கேட்டாங்க. ஒங்களுக்குத் தண்ணி தெளிஞ்சிருச்சுல்ல?"

அடிக்கக் கை எழுந்தது. பரமேஸ்வரி குறுக்கே வந்தார்.

"அவரை மட்டும் வையாதீங்க சார். 'உமிச்சாம்பல்தாம்மா, பயப்படாதீங்க'ன்னு எங்கிட்டச் சொன்னது யாரு?"

நான்தான். விளக்கச் சோம்பல்பட்டு, நடத்துநரிடம் சொன்னதையே அவரிடமும் சொல்லியிருந்தேன்.

12.40. மூவருமாகச் சுரண்டி அள்ளியதில், மண்ணோடு சேர்த்து ஒன்றரை மூட்டை. மண்ணுக்குள் இறங்கியதை அள்ள முடியவில்லை. நெடுஞ்சாலையில் திருச்சிப் பேருந்து நின்றது.

"சாம்பலா சார்?" என்றார் நடத்துநர்.

"சாயம்" என்றேன்.

"அதெல்லாம் ஏத்த முடியாதுங்க." விசில் அடித்துவிட்டார். ஒரு சரக்கு வண்டியைப் பிடித்து, மூட்டைகளோடு பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

மாலை 4.00. வீட்டுக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சிவப்பாக ஓடியது. மறுபடி கழுவ எனக்குத் தண்ணீர் இருந்தது. பரமேஸ்வரி அந்நேரம் குடத்தோடு நடந்துகொண்டிருப்பார்.