அத்தானுக்கு மேலே ஒரு வேலை

வேலை போனால் அழலாம். வேலை கிடைத்தால் சிரிக்கலாம். போன அதே நாளில், அதே கொம்பனியில், கொஞ்சம் கூடுதல் சம்பளத்தோடு இன்னொரு வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

என் மனைவி வசந்தி அழுதாள்.

பனிக்காலத் தொடக்கம். வேலையால் வந்தவள் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நம்மில் யார் திடீரென்று அழுதாலும் முதலில் அதைத்தானே நினைக்கிறோம்?

"என்னப்பா நடந்தது? சொல்லுமன்!"

"எங்கடை செக்சனை மூடுறாங்களாம்."

"ஐயோ... லே ஓஃப்போ?"

"இல்லை. வேறை வேலை தாறாங்கள். லீட் ஹான்ட்."

"நல்ல விசயந்தானே! உதுக்கு ஏன் அழுறீர்?"

"பக்கிங்குக்கு லீட் ஹான்ட்" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் பக்கத்துக் கதிரையில் இருக்கவேண்டும் போலிருந்தது.

விசயம் இதுதான். எங்கள் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம், தயிர் டப்பா செய்கிற ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலை. அங்கே வசந்திக்கு எட்டு வருடமாக மூடி பார்க்கிற வேலை. மூடி வளைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அவள் எங்கள் வீட்டுச் சட்டி மூடிகளையும் அதே மாதிரித் திருப்பிப் பார்ப்பாள். இப்போது அதைப் பார்க்க ஒரு மெஷின் வந்துவிட்டது. இந்த ரிசெஷன் காலத்தில் மெஷினோடு யார் சண்டை பிடிப்பது? அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்குகிற பக்கிங் பகுதியில்தான் என் மூத்த அண்ணன் வேலை செய்கிறார்! லீட் ஹான்ட் என்றால் அந்தப் பகுதிக்கே மேற்பார்வை. யார் எந்த லைனில் நிற்பது, யார் பிந்தி வந்தது, யாருக்கு லீவு கொடுப்பது – எல்லாம் வசந்திதான் சொல்லவேண்டும். என் அண்ணனுக்கும் சேர்த்து.

கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் வசந்தி அவருடைய பெயரை வாயால் சொன்னது கிடையாது. புருசனின் அண்ணன் எங்கள் ஊரில் அத்தான்தான். அதுவும் நேரே கூப்பிடுவது அருமை. சாப்பாட்டு மேசையில் அவர் இருப்பார். பக்கத்தில் நான் இருப்பேன். "அத்தானுக்குச் சோறு காணுமோ எண்டு கேளுங்கோ" என்பாள் என்னிடம். "காணுமெண்டு சொல்லு" என்பார் அவரும் என்னிடம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு டெலிபோன் கம்பி.

இன்னும் இருக்கிறது. அவளை அந்தத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதே அண்ணன்தான். முதல் நாள் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்கியவரும் அவரே. அந்த லீட் ஹான்ட் வேலையில் அவருக்கே ஒரு கண் இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

"மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு செவரன்ஸை வாங்கிக்கொண்டு வாரும்" என்றேன். "எட்டு வருசமெண்டால் சும்மாவே?" வேலையை விட்டு நிறுத்தும்போது வருடக் கணக்குப் பார்த்துக் கொம்பனி கொடுக்கவேண்டிய பணம்தான் செவரன்ஸ்.

"மாட்டன் எண்டால் நானாய் விட்டிட்டுப் போன மாதிரியாம். செவரன்ஸ் இல்லையாம். பெர்சனல் மனேஜர் மனிசி சொன்னவ."

ஆக, ஓம் என்றால் குடும்பத்தில் வெடி. இல்லை என்றால் எட்டு வருடத்துக்கும் பட்டை நாமம்.

ஸ்காபரோவில் நம்மவர் இரண்டு பேர் சேர்ந்தால் அதில் ஒருவர் சட்டத்தரணியாக இருப்பார். மூன்று பேர் சேர்ந்தால் நீதிபதியும் இருப்பார். டோனட் கடையில் விசாரித்துப் பார்த்தேன். "ஒண்டிலையும் சைன் வையாதை, உவங்கள் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார் ஒருவர். "உடனை வை, இல்லாட்டில் உள்ளதும் போயிடும்" என்றார் அடுத்தவர். "முதுகு நோ எண்டு டொக்டரிட்டை ஒரு கடிதம் எடு" என்றார் மூன்றாமவர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் முதுகு நோதான் மருந்து.

கடைசியில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடம் ஒன்றுக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன் – நான் வக்கீல் இல்லை, நாளைக்கு என்னைத் தேடி வராதீர்கள்!

வேறு வேலை தருகிறோம் என்று கொம்பனி சொன்ன உடனேயே நம்முடைய உரிமை பறந்துபோய்விடாதாம். தருகிற வேலை நியாயமானதாக இருக்கவேண்டுமாம். சம்பளம் குறைகிறதா? நேரம் மாறுகிறதா? தூரமா? மதிப்பு இறங்குகிறதா? உடம்பு தாங்குமா? இதையெல்லாம் பார்ப்பார்களாம். நியாயமான வேலையைத் தள்ளிவிட்டால்தான் செவரன்சுக்கு ஆபத்து.

வசந்தி ஒவ்வொன்றாக யோசித்தாள். சம்பளம் கூட. நேரம் அதே நேரம். பஸ் அதே பஸ்.

"மதிப்பு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அது கூடிப்போச்சு. அதுதானே கரைச்சல்" என்று வசந்தி எனக்குத் தமிழில் முணுமுணுத்தாள்.

நான் அத்தான் விவகாரத்தை என்னுடைய ஆங்கிலத்தில் எடுத்து விட்டேன். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நக்கல் சிரிப்பில்லை, பாவம்... அவளுக்கும் ஒரு மாமியார் இருப்பார்போலும். இதை ஒரு காரணமென்று சட்டம் ஏற்குமா என்பது தனக்குச் சந்தேகம் என்றாள். "ஆனால் கோபத்தில் முடியாது என்று சொல்லிவிட்டு வராதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். கொஞ்சக் காலம் செய்துபார்க்கிறேன், சரிவராவிட்டால் என் செவரன்ஸ் அப்படியே இருக்கவேண்டும் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்" என்றாள்.

மறுநாள், ஆட்களை எடுப்பதும் நிறுத்துவதும் பார்க்கிற பெர்சனல் மனேஜர், அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனோம். நான் மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டேன். காரணத்தைத்தான் முதலில் சொன்னோம்.

"அவரோடு உங்களுக்குச் சண்டையா?" என்று கேட்டாள் அந்த மனிசி.

"சீச்சீ, சண்டையே இல்லை" என்றாள் வசந்தி.

"உங்களை அவர் மதிப்பதில்லையா?"

"நல்லாய் மதிப்பார்."

"நீங்கள்?"

"கடவுளுக்கு அடுத்தபடி."

"அப்படியென்றால் என்னதான் பிரச்சினை?"

"அதுதான் பிரச்சினை" என்றாள் வசந்தி.

மனேஜர் மனிசி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, "விளங்குகிறது, கவலையை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். செவரன்ஸ் விசயத்தைக் கேட்க நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே எழும்பிக் கை கொடுத்துவிட்டாள். தங்கமான மனிசி. ஆனால் தங்கமான மனிதர்கள் உதவி செய்யப் புறப்பட்டால் நாங்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

என்ன செய்தாள் தெரியுமா? திங்கட்கிழமை அண்ணனைக் கூப்பிட்டு, வெகுதூரத்துப் பிறம்ரனில் கொம்பனிக்கு இருக்கிற வெயார்ஹவுசுக்கு அவரை மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டாள்! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அன்று பின்னேரம் அண்ணன் வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. கதவடியிலேயே நின்றார்.

"அத்தானுக்குத் தேத்தண்ணி போடட்டோ எண்டு கேளுங்கோ" என்றாள் வசந்தி.

அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை. நேரே அவளைப் பார்த்தார்.

"நான்தானே பிள்ளை உம்மை அங்கை சேர்த்துவிட்டனான்? இப்ப என்னைப் பிறம்ரனுக்குக் கலைக்கிறீரோ?"

"ஐயோ அத்தான், நான் அப்பிடிச் சொல்லேல்லை..."

"அப்ப என்னெண்டு சொன்னனீர்?"

"உங்களுக்கு மேலை நிக்க ஏலாதெண்டுதான் சொன்னனான்."

அவர் திரும்பிப் போய்க் காரில் ஏறினார். கார் என்று சொல்கிறேனே தவிர, அது கடைக்கும் கோவிலுக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும் ஓடுகிற வாகனம். ஹைவேயில் அண்ணன் ஓடியதே கிடையாது. ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு அடுத்த எக்சிட்டிலேயே இறங்கி, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தவர். பஸ்சில் போனால் பாதி நாள் வழியிலேயே போய்விடும்.

அன்று வசந்தி அழவில்லை. பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் அந்த வேலையை எடுக்கிறன்" என்றாள்.

"அப்ப மரியாதை?" என்றேன்.

"என்ன மரியாதை? அந்த மனிசனை ஸ்னோவுக்குள்ளை ஹைவேயிலை விட்டிட்டு, நான் பேர் சொல்லாமல் வீட்டிலை இருக்கிறதோ மரியாதை? விசர்க்கதை கதையாதையுங்கோ!"

அந்த நிமிடம் எனக்கு அவள்மேல் வந்த மதிப்பை இங்கே எழுதினால் அவள் படித்துவிடுவாள். படிக்கட்டும். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அடுத்த நாள் என்னைக் கூட்டிப்போகவில்லை. தனியாகப் போனாள். பனிக்காலம் முடியும்வரை செய்துபார்க்கிறேன். சரிவராவிட்டால் என் எட்டு வருடத்துக்குரிய செவரன்ஸ் தரவேண்டும். அத்தான் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். இத்தனையையும் தன் ஆங்கிலத்திலேயே கேட்டு, எழுத்திலும் வாங்கிக்கொண்டு வந்தாள். எட்டு வருடமாக மூடி பார்த்த கண், அந்தக் கடதாசியையும் வளைவு வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கும்!

தொடக்கம் சுகமாயில்லை. அவள் சொன்னதை அண்ணன் செய்வார். "ஓம்", "இல்லை" தவிர வேறு கதை இல்லை. முன்பெல்லாம் மத்தியானத்தில் அவள் கொண்டுபோகிற கறியில் பாதி அவருக்குத்தான். இப்போது வேறு மேசையில் இருந்து வெறும் பாண் ரொட்டி சாப்பிட்டார். வசந்தி மிச்சக் கறியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

மெஷின் சத்தத்துக்குள் டெலிபோன் கம்பி எங்கே இருக்கிறது? வேறு வழியில்லாமல், "அத்தான்! மூண்டாம் லைனுக்கு வாங்கோ!" என்று அவள் நேரேயே கத்தவேண்டியிருந்தது. இதைக் கேட்டுக் கேட்டு, அவருடைய பெயரே அதுதான் என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். கயானாக்காரப் பெண்கள் "அத்தான்" என்றார்கள். போர்க்லிஃப்ட் ஓடுகிற போலந்துக்காரன், ஆள் ஒரு பனை உயரம், அவனும் "குட் மோர்னிங், அத்தான்!" என்றான். அண்ணனுக்கு முதலில் ஏறிய கோபம் கொஞ்சமல்ல. பிறகு ஒருநாள் அவன் கூப்பிட்ட விதத்தில் தன்னை மறந்து சிரித்துவிட்டாராம். அன்று மத்தியானம் வசந்தியின் மேசைக்கு வந்து, "என்ன கறி இண்டைக்கு?" என்று அவளிடமே கேட்டாராம்.

போன கிழமையோடு பனிக்காலத் தவணை முடிந்தது. தொடரப்போகிறாயா, செவரன்சோடு போகப்போகிறாயா என்று மனேஜர் மனிசி கேட்டாள். வசந்தி இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன், இப்பதானே எல்லாம் சரியாய் வந்திட்டுது?" என்றேன்.

"என்ன சரி? இவ்வளவு நாளும் அத்தான் கேட்டதுக்கெல்லாம் ஓம்தான் சொன்னனான். ஒருக்கால் இல்லை எண்டு சொல்ல ஏலாட்டில் உது எனக்கு வேலையில்லை, நடிப்பு" என்றாள்.

அடுத்த நாளே அண்ணன் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வீட்டுக்குச் சோபா செற் வருகிறதாம். பின்னேரம் அரைநாள் லீவு வேண்டுமாம். அன்று பார்த்து மூன்று பேர் வேலைக்கு வரவில்லை.

வசந்தி எழும்பி நின்றாள். "இண்டைக்கு ஏலாது அத்தான். ஆக்கள் காணாது."

எங்கள் குடும்பத்தில் என் அண்ணனுக்கு ஏலாது என்று சொன்னவர்கள் யாருமில்லை. எங்கள் அப்பாவே சொன்னதில்லை.

அண்ணன் "ஓம் பிள்ளை" என்றார். திரும்பிப் போய்த் தன் லைனில் நின்றார். அந்த மத்தியானமே வசந்தி போய்த் தொடர்கிறேன் என்று கையெழுத்து வைத்தாள்.

வேலை முடிந்ததும் அண்ணன் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உன்ரை மனிசி இண்டைக்கு எனக்கு லீவு தரேல்லை."

"அண்ணை, அது வந்து..."

"பொறடா. சரியாத்தான் செய்தவ. நான் அந்த இடத்திலை இருந்தாலும் குடுத்திருக்கமாட்டன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எண்டாலும் உண்மையைச் சொல்லு... நீ எப்பிடியடா உவவோடை வீட்டிலை சமாளிக்கிறாய்?"

"என்ன செய்யிறது அண்ணை, எனக்கு ஒருத்தரும் மாற்று வேலை தரேல்லை" என்றேன். "தந்தாலும் எடுக்கமாட்டன்."